குவபரா வீட்டில் காலை பத்தரை மணிக்கு

குவபரா செட்சுவோவின் முழங்கால்கள் இரண்டும் அலுவலக வேலையில் தேய்ந்தவை. கியோத்தோவில் ஒரு சின்னச் சுற்றுலா அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக அவர் பார்த்தது ஒரே வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கள் கையால் எதைச் செய்து பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று தேர்ந்தெடுப்பது. தேநீர் கலக்குவது, தூரிகை பிடித்து எழுதுவது, அவுரிச் சாயத்தில் துணி முக்குவது, மரவாள் வீசுவது, இலை வடிவத்தில் இனிப்பு உருட்டுவது. ஊரில் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்கினால் முதல் ஆளாகப் போய் மண்டியிட்டு உட்கார்ந்து செய்து பார்த்துவிடுவார்.

இரண்டாம் முறை போகும்போது எதையும் தொடமாட்டார். மூலையில் உட்கார்ந்து வந்தவர்களை மட்டும் கவனிப்பார். யார் எத்தனை முறை கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். இரண்டு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் போனால் அந்த இடம் பட்டியலில் ஏறாது. ஒருமுறை ஒருவன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கார் கொட்டகையில் கறுப்பு முகமூடி போட்டுக்கொண்டு எறிநட்சத்திரம் வீசக் கற்றுக்கொடுத்தான். செட்சுவோ மூன்று வீசினார். ஒன்று கூரையில் போய்ச் செருகிக்கொண்டது.

"சார், வெளிநாட்டுக்காரங்க இதுக்குத்தானே கிளம்பி வர்றாங்க!" என்றான் அவன்.

"வரட்டும். முதல்ல அதைக் கூரையிலேர்ந்து எடுங்க," என்றார் செட்சுவோ.

அப்படி ஒரு காலம் இருந்தது. பிறகு வந்தவர்களே கைப்பேசியில் நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். எந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று திரையே சொல்லிவிடும்போது, மூலையில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் எதற்கு? புதிதாகப் பொறுப்பேற்ற ஹிராகா என்ற பெண் இவரைவிட இருபது வயது இளையவள். கெட்டவள் இல்லை. குரலை உயர்த்தவே மாட்டாள், பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவாள்.

"குவபரா சான், ரெண்டு மணி நேரம்லாம் இப்ப யாருக்கும் பொறுமை இல்ல. நாப்பத்தஞ்சு நிமிஷம். பத்தாவது நிமிஷத்துல போட்டோ எடுக்கற மாதிரி ஏதாவது ஒண்ணு வந்துடணும்."

"தேநீருக்குத் தண்ணி கொதிக்கவே இருபது நிமிஷம் ஆகுங்க."

"முன்னாடியே கொதிக்க வச்சிடச் சொல்லுங்க."

அவருக்கு ஐம்பத்தெட்டு வயதான வருஷம், மார்ச் மாதத் தொடக்கத்தில், ஹிராகா அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். நிஜமான ஒரு வீடு வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்களாம். கோயில் வேண்டாம், கிமோனோ வேண்டாம். சாதாரணமான ஒரு கணவன் மனைவி, அவர்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். "மாசக் கடைசிக்குள்ள ஒரு வீடு கிடைச்சா உங்களுக்கும் நல்லது," என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு வேலையில் யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்ற பட்டியல் அவள் மேஜையில்தான் இருந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

செட்சுவோ தெருத்தெருவாகக் கேட்டுப் பார்த்தார். வருஷக்கணக்காகப் பழகிய சோயாக்கட்டிக் கடை அம்மாள் கைகொட்டிச் சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் பனியனோட உக்காந்து பல்லைக் குத்திட்டிருப்பார். அதைப் பாக்க அமெரிக்காவுலேர்ந்து விமானம் ஏறி வரணுமா?"

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது மிச்சமிருந்தது ஒரே வீடு, அவருடையது.

அந்த வீட்டில் பேச்சு நின்று பதினொரு வருஷம் ஆகியிருந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. குளிக்கத் தண்ணீர் சூடாக இருக்கிறது, நாளை குப்பை எடுக்கும் நாள், இந்த மாதிரி வார்த்தைகள் மட்டும் இருவருக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தன. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி தொகியேயின் அம்மா மைசுரு என்ற கடலோர ஊரில் சாகக் கிடந்தாள். "இன்னிக்கே வாங்க" என்று தொகியே தொலைபேசியில் கூப்பிட்டாள். அன்று புதிய இனிப்புக் கடை ஒன்றுக்கு பெல்ஜியத்திலிருந்து எட்டுப் பேர் முதல் முறையாக வந்திருந்தார்கள். முடித்துவிட்டு வருகிறேன் என்றார் செட்சுவோ. முடித்துவிட்டுப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. தொகியே அழவுமில்லை, ஏசவுமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இனிப்பு நல்லா வந்துச்சா?" அதற்குப் பிறகு அவள் அவரை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் இருந்தால் அவர்களைச் சாக்கிட்டாவது ஏதாவது பேசியிருப்பார்கள். பிள்ளைகளும் இல்லை.

வீட்டுக்கு விருந்தாளிகளைக் கூட்டி வரலாமா என்று அவர் கேட்டபோது தொகியே வள்ளிக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை பேர்?"

"நாலு."

"வீட்டுச் செருப்பு வாங்கணும். அவங்க கால்லாம் பெருசா இருக்கும்."

முதலில் வந்தது நெதர்லாந்திலிருந்து ஒரு குடும்பம். கணவன் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டே நுழைந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் வேலை செய்த தொகியேவுக்கு, சதுரச் சட்டியில் முட்டையை அடுக்கடுக்காகச் சுருட்டுவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. அந்த மனிதர் சுருட்டிய முட்டை சட்டியைத் தாண்டி அடுப்பில் விழுந்தது. தொகியே சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மொழிபெயர்ப்பதற்காகப் பக்கத்தில் நின்ற செட்சுவோ எதை மொழிபெயர்க்கவேண்டும் என்பதையே மறந்து நின்றார்.

சாப்பிடும்போது அந்த மனிதரின் மனைவி கேட்டாள், நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள் என்று. செட்சுவோ அதை மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அன்னிக்கு நல்ல மழை," என்று ஆரம்பித்தாள் தொகியே. "இமாதெகாவா தெருவுல பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். குடை இல்ல. இவர் வந்து பக்கத்துல நின்னார். தன் குடையை என் பக்கமே சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டார், பஸ் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. திரும்பிப் பாத்தா இவரோட இடது தோள் முழுக்க நனைஞ்சு கெடக்கு. அப்பவே முடிவு பண்ணிட்டேன்." சொல்லிக்கொண்டே அவர் இடது தோளை, இன்னும் ஈரமிருப்பதுபோல, உள்ளங்கையால் தட்டிவிட்டாள்.

நடந்தது வேறு. இருவரையும் சந்திக்க வைத்தது தொகியேயின் அத்தை. ஒரு ஹோட்டலின் காபிக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அன்று மழையே பெய்யவில்லை. ஆனாலும் செட்சுவோ அந்தக் குடையை, அந்த பஸ்ஸை, நனைந்த தோளை எல்லாம் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த இரண்டரை மணி நேரத்தில் யாரும் ஒருமுறைகூடக் கைப்பேசியை எடுக்கவில்லை. அவருக்கு அதைக் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அவர்கள் போனதும் தொகியே பாத்திரம் கழுவினாள். முகம் பழையபடி மூடிக்கொண்டது.

"குடைக் கதை எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"கேட்டாங்க. சொன்னேன்."

ஆனால் செட்சுவோவின் நெஞ்சில் ஏதோ பற்றிக்கொண்டது. வீட்டுக்கு எக்கச்சக்கமான நட்சத்திரங்கள் விழுந்தன. 'சமையலைவிட அந்த இருவரின் அன்புதான் மறக்கமுடியாதது' என்று ஒருவர் எழுதினார். ஏப்ரல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, ஆனால் வேலை மாறிவிட்டது. இனி தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே இருந்து விருந்தாளிகளை வரவேற்றால் போதும். வாரம் இரண்டு நாள் ஐந்து நாளானது. பத்தரை மணிக்கு அழைப்புமணி அடிக்கும்போது தொகியே புன்னகையோடு கதவைத் திறப்பாள். ஒரு மணி வரைக்கும் அவருக்கு மனைவி இருந்தாள். குடைக் கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. அவர் அவளுக்கு எழுதிய கடிதங்கள் வந்தன. காய்ச்சலில் கிடந்தவளுக்கு அவர் கஞ்சி வைத்துக் கரியாக்கிய நாள் வந்தது. அவர் எதையும் மறுக்காமல் மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, பாதி நடந்ததுபோலவே ஆகிவிட்டது. ஞாயிறும் திங்களும் விருந்தாளி இல்லாத நாட்கள். அந்த இரண்டு நாளும் எப்போது கழியும் என்று இருக்கும்.

இரண்டாம் வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில், பிரேசில்காரர்கள் கட்டிப்பிடித்து விடைபெற்றுப் போன ஒரு மத்தியானம், அவர் மெல்லக் கேட்டார்.

"அவங்க இல்லாதப்பவும் இப்படியே பேசிட்டிருந்தா என்ன?"

தொகியே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். உண்மையிலேயே புரியாதவள்போல அவரைப் பார்த்தாள்.

"யாருக்கு?"

"நமக்கு."

"நான் சொன்னதெல்லாம் உங்களைப் பத்தின்னு நெனச்சீங்களா?" குரலில் கோபம் இல்லை. "அப்படி ஒருத்தர் வருவார்னு கல்யாணத்துக்கு முன்னாடி நெனச்சிட்டிருந்தேன். அவரைப் பத்தித்தான் சொன்னேன். இவ்வளவு வருஷம் கழிச்சாவது யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லி முடிச்சாச்சு."

ஒரு வாரம் கழித்து, புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒரு பெட்டியோடு வாசலில் நின்றாள். மைசுருவில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். "இன்னிக்கு வர்றவங்களுக்கு மீன் சாறு வச்சு இறக்கியிருக்கேன். படிவத்துல என் முத்திரை போட்டாச்சு, உங்களுது மட்டும்தான் பாக்கி." அவள் போன பிறகுதான் சாப்பாட்டு மேஜையில் விவாகரத்துப் படிவத்தைப் பார்த்தார். பத்தரைக்கு மணி அடித்தது. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, தனியாகவே முட்டை சுருட்டினார்.

வீட்டுக்கு விருந்தாளிகளை அனுப்புவதை நிறுத்திவிடும்படி ஹிராகாவிடம் போய்க் கேட்டார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். நவம்பர் வரைக்கும் பதிவாகியிருந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கு, குவபரா சான். நெஜமாவே. ஆனா இதை நிறுத்திட்டா இங்க உங்களுக்குக் குடுக்க வேற வேலை இல்லையே." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "வீட்டம்மா இடத்துக்கு வேற ஒருத்தங்களைப் போடலாமா? வர்றவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது? நீங்களே பாத்து எடுங்க. தேர்ந்தெடுக்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்லையே."

அவள் கிண்டல் செய்யவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பத்தரைக்கு மணி அடிக்காத வீட்டை நினைத்துப் பார்த்தார். மறுநாள் சரி என்று சொல்லிவிட்டார்.

மூன்று பெண்கள் வந்தார்கள். வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து பார்த்தார். முதலாமவள் நாடகக்குழுவில் இருந்தவள். குடைக் கதையைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். இரண்டாமவளின் முட்டை அச்சில் வார்த்ததுபோல வந்தது, முகத்தில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதாக வந்த இசுமிதானி சாயோ கல்யாண மண்டபத்தில் விருந்தினரை வரவேற்கும் வேலை பார்த்தவள். வயது ஐம்பத்தைந்து. கலகலவென்று சிரித்தாள். கதையை ஒருமுறை கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"உங்களை எப்படிக் கூப்பிடணும்? அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள்.

செட்சுவோ சதுரச் சட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார். "ஏங்கன்னு கூப்பிடுங்க, போதும்."

தொகியேயின் சமையல் மேலங்கி சாயோவுக்குக் கொஞ்சம் இறுக்கம், வேறு வாங்கிக்கொண்டார்கள். நட்சத்திரங்கள் குறையவில்லை. இலையுதிர் காலத்தில் கனடாவிலிருந்து ஒருத்தி வந்தாள். அவளுடைய தோழி போன வருஷம் இதே வீட்டுக்கு வந்தவளாம், அவள் சொல்லித்தான் இவளும் வந்தாளாம். குடைக் கதை எப்போது வரும் என்று ஆசையோடு காத்திருந்தாள். சாயோ சொன்னாள், இவர் மொழிபெயர்த்தார். சாயோ தட்டிவிட்டது வலது தோளை.

"என் தோழி சொன்னது அப்படியே இருக்கு," என்றாள் அந்தப் பெண், நெஞ்சில் கைவைத்து. "உங்க ரெண்டு பேரையும் எங்க பாத்தாலும் அடையாளம் கண்டுபிடிச்சிருப்பேன்."

அன்று சாயோ மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடறேன், குவபரா சான்," என்று சொல்லிக் கிளம்பியதும், செட்சுவோ விவாகரத்துப் படிவத்தை எடுத்தார். கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் அவருடைய முத்திரையில் மை காய்ந்திருந்தது. மூன்று முறை அழுத்தவேண்டியிருந்தது. மறுநாள் வட்டார அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார், அதோடு விவாகரத்து பதிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை மைசுருவுக்குப் போனார், டிசம்பரில், ஒரு திங்கட்கிழமை. தங்கை கதவைப் பாதிதான் திறந்தாள். அக்கா துறைமுகத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறாள் என்றாள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

கடை சின்னது. மீன்பிடிப் படகுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்கொழுப்புப் பிடித்த கிழவர் ஒருவர், "தொகியே, இந்த மீன் என்னைவிட மூத்தது போலிருக்கே!" என்றார். "மரியாதையாச் சாப்பிடுங்க. பெரியவரு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கடையே சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அவளும் சிரித்தாள்.

செட்சுவோவைப் பார்த்ததும் சிரிப்பு நிற்கவில்லை, மெல்ல வடிந்தது. தண்ணீர்க் குவளையோடு வந்தாள்.

"என்ன வேணும்?"

ரயிலில் நான்கு வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தார். உன் அம்மா விஷயத்தில் நான் செய்தது தப்பு என்பது முதல் வாக்கியம்.

"சுட்ட கானாங்கெளுத்தி," என்றார்.

"சோறு கூடவா, கொறச்சலா?"

"கொறச்சலா."

தட்டை வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள். மீன் நன்றாக இருந்தது. முழுதும் தின்று முடித்தார். அவர் எழுந்தபோது அவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தம் பலமாக இருந்தது. வேறொரு பெண்தான் கல்லாவில் நின்று, மறுபடி வாருங்கள் என்று சொன்னாள்.

திரும்பும் ரயிலில் ஹிராகாவிடமிருந்து செய்தி வந்தது. நாளை ஐந்து பேர், அவர்களில் ஒருவர் மீன் தொடமாட்டார், சாற்றுக்குக் கடற்பாசி மட்டும் போடவும். செட்சுவோ அதை அப்படியே சாயோவுக்கு அனுப்பிவைத்தார்.