புழு வளர்க்கும் வீட்டில் பிள்ளையை விட்ட கதை

என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது நடந்தபோது எனக்கு வேலை போகிற நிலைமை வந்தது. ஓசூரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். 'மதராஸ் ஸ்டேட்' என்று அச்சடித்து வந்த தாள்களில் அதை அடித்துவிட்டு, மேலே 'தமிழ்நாடு' என்று ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்த அறுபதுகளின் கடைசி அது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த என் நாத்தனார் கல்யாணமாகிச் சாமல்பட்டிப் பக்கம் போய்விட்டாள். நான் சம்பளமில்லாத லீவு போட்டேன். அதை ஒருமுறை நீட்டினேன். இரண்டாம் முறை போய் நின்றபோது எங்கள் ஆபீசர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, வருகிற திங்கட்கிழமை வந்து சீட்டில் உட்காராவிட்டால் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுக்கு எழுதி வேறு ஆளைக் கேட்டுவிடுவதாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சொன்னால் செய்கிற மனிதர்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளம் வேண்டும் என்பது இருக்கட்டும், அந்த டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்தால்தான் நான் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்பதை விட்டு நானாக இருப்பேன். இதைச் சொன்னால் அந்தக் காலத்தில் திமிர் பிடித்தவள் என்பார்கள். அதனால் சம்பளத்துக்காக என்றே எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

ஆக, ஆறு நாளில் பிள்ளையை விட ஓர் இடம் பார்க்க வேண்டும். பார்க்கும் பொறுப்பை என் கணவர் தானாகவே எடுத்துக்கொண்டார். அவர் பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். தினமும் பஸ்ஸில் போய்வருவார். மெஷினிலிருந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பெயின்ட் பொட்டு, தேறாவிட்டால் சிவப்பு, திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள் வைப்பது அவர் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. நான் வைக்கிற குழம்பில் பாதிக்கு மேல் மஞ்சள்தான். அப்போது அவருக்கு இரண்டாம் ஷிப்ட், மத்தியானம் போனால் போதும். ஒரு குயர் நோட்டும் அடிஸ்கேலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

முதலில் கான்வென்ட். நாங்கள் ஞாயிறு பூசை தவறாத குடும்பம், சிஸ்டருக்கு எங்களை நன்றாகத் தெரியும், போனதும் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். என் பெண் வெள்ளைக் காலுறை போட்டு நடந்து வருவதைக்கூட மனசுக்குள் பார்த்துவிட்டேன். சிஸ்டர் மங்களூர்க்காரர், சிரித்த முகம். உட்காருங்கள் என்று குழந்தைகள் பெஞ்சைக் காட்டினார். அதில் இவர் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, கேட் சாவி யாரிடம் இருக்கும், ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே எத்தனை அங்குலம் என்று விசாரித்தார். விசாரணையோடு நிற்காமல் எழுந்து போய் ஸ்கேலை வைத்தே பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. சிஸ்டர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, மூன்று வயது முடிந்தால்தான் சேர்ப்பது வழக்கம், அதுவும் பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விட்டுவிடும் என்றார். பன்னிரண்டு மணிக்கு நான் ஆபீசில் என்ன சொல்லிவிட்டு வருவது? வெளியே வந்ததும் இவர் நோட்டில் மஞ்சள் என்று எழுதினார்.

அடுத்த நாள் பஞ்சாயத்து யூனியன் பால்வாடி. டீச்சர் நல்ல பெண், கைகால் ஆட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அமெரிக்கக் கோதுமை ரவையில் மஞ்சளாக ஒரு உப்புமா கிண்டிப் போட்டார்கள். என் மகள் அங்கிருந்த பிள்ளைகளோடு வரிசையில் போய் உட்கார்ந்து இரண்டு கரண்டி வாங்கித் தின்றாள். வீட்டில் ஒரு வாய் ஊட்ட நான் தெருவெல்லாம் சுற்ற வேண்டியிருக்கும். சரி, இதுவே போதும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஆனால் இவர் பின்பக்கம் போய்விட்டு முகம் வெளுத்து வந்தார். பத்தடி தூரத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. டீச்சரைக் கேட்டால், மாதத்தில் பல நாள் மீட்டிங், அம்மை குத்துகிற முகாம் என்று தன்னை அனுப்பிவிடுவார்கள் என்றும், அப்போது ஆயாதான் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னாள். ஆயா அந்த நேரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சிவப்பு. இந்த முறை நானும் எதிர்த்துப் பேசவில்லை. உப்புமாவை விட்டு வர மாட்டேன் என்று அழுத பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாடாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை, பால் ஊற்ற வந்த பெண் மூன்றாவதாக ஓர் இடம் சொன்னாள். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற ஓர் அம்மாள். மல்பெரித் தழை பறிக்க வரும் கூலிப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அந்த வீட்டின் முன்னறையில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்கள், அவர்களோடு ஒரு நர்ஸம்மா பிள்ளையும் இருக்கிறது என்றாள். புழு வளர்க்கிற வீடா என்று எனக்கு உடம்பு கூசியது. இருந்தாலும் திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. போனோம்.

வாசலில் சுண்ணாம்புத்தூள் கோடு போட்டிருந்தது. இவர் நோட்டைத் திறந்தபடி அதைத் தாண்டக் காலை எடுத்தார். உள்ளேயிருந்து குட்டையாக, இறுக்கிக் கட்டிய கொண்டையோடு அந்த அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். என்ன விஷயம் என்றுகூடக் கேட்கவில்லை.

"சார், அங்கியே நில்லுங்க. கையக் காட்டுங்க."

கை கழுவச் சொல்கிறார் என்று நினைத்து இவர் இரண்டு கையையும் நீட்டினார். அந்த அம்மாள் குனிந்து மோந்து பார்த்தார்.

"பொகை குடிப்பீங்களா?"

"எப்பவாவது."

"எப்பவாவது குடிக்கிறவர் வெரலு இப்டி மஞ்சளாவா இருக்கும்?"

என் கணவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிற ஆள். நான் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தேன். புகையிலை வாசம் பட்டாலே பட்டுப்புழு பச்சையாகக் கக்கிச் சுருண்டுவிடும், கையில் புகையிலை பட்டவர் தொட்ட தழையைத் தின்றாலும் அப்படித்தான் என்று அந்த அம்மாள் விளக்கினார். அந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்கள் யாரும் வெற்றிலையோடு புகையிலை சேர்க்கக் கூடாது, பொடி போடக் கூடாது. பிறகு என் இடுப்பிலிருந்த மகளை வாங்கினார். வாங்கியவர் அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, புள்ள தலையிலயும் அதே வாசம் அடிக்குது. ஒனக்குத் தெரியலியா?"

தெரியவில்லை. அதுதான் உண்மை. தினமும் காலையில் இவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார், மறு கையில் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். அந்த நாற்றத்திலேயே குடித்தனம் நடத்தியவளுக்கு அது நாற்றமாகவே தெரியாமல் போயிருக்கிறது. கம்பி இடைவெளியையும் கிணற்றையும் அளந்துகொண்டு ஊரைச் சுற்றி வந்தோமே என்று வெட்கமாகப் போய்விட்டது.

அந்த அம்மாளின் நிபந்தனை ஒன்றுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்த வாசத்தோடு வரக் கூடாது. வாசலிலேயே மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். சார் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்ள வேண்டும்.

நான் மட்டும் கால் கழுவிக்கொண்டு முன்னறையைப் பார்த்தேன். மெழுகிய தரை குளுகுளுவென்று இருந்தது. நான்கு பிள்ளைகள், நான்கு பாய், ஆளுக்கொரு தம்ளர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எட்டாத உயரத்தில் மூடியிருந்தது. புழுவுக்குத் தழை போடுவதற்காகச் சுவரில் ஒரு கடிகாரம். அதே கடிகாரத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கும் சோறு, தூக்கம். அந்த அம்மாள் பிள்ளைகளைத் தெலுங்கில் அதட்டினார், கன்னடத்தில் கொஞ்சினார், என்னிடம் தமிழில் பேசினார். பின்கட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது.

திரும்பி வரும்போது இவர் நோட்டைத் திறக்கவே இல்லை. என்ன கலர் என்று நானே சீண்டினேன். பச்சை என்றார். தன்னையே ரிஜெக்ட் பண்ணின ஆளை எப்படிச் சிவப்பில் போடுவது என்று அசடு வழிந்தார். அன்றே பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டுச் சத்தியம் செய்தார். வெள்ளி, சனி இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு சீரகத்தை மென்றார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைக்குப் பஸ் காட்டுகிறேன் என்று பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து அவளை என்னிடம் கொடுத்தபோது நான் தலையை மோந்து பார்த்தேன். அதற்குள் எனக்கும் அந்த மூக்கு வந்துவிட்டிருந்தது. டீக்கடையில் சிநேகிதர் ஒருவர் நீட்டினாராம், ஒன்றே ஒன்றுதானாம். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் பிள்ளைக்குச் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, கண்ணெரிகிறது என்று அவள் கத்தக் கத்த மூன்றாம் தடவை. புதுச் சட்டை போட்டேன். ஆபீசுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கோட்டின் முன்னால் போய் நின்றேன். அந்த அம்மாள் மோந்து பார்த்தார்.

"சீயக்கா வாசம்தான் வருது. கொண்டா" என்று கையை நீட்டினார்.

தப்பித்தேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டு நேராக ஆபீசுக்கு நடந்திருக்கலாம். ஆனால் அப்போது பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. தட்டுத் தட்டாக அடுக்கில் புழுக்கள் தழை தின்கிற சத்தம் தூறல் போட்டதுபோலக் கேட்டது. கூலிப் பெண்கள் இருவர் தழைக்கட்டோடு நின்றார்கள். புழு நாலாவது தோல் உரித்து எழுந்திருக்கிறது, இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்டிவிடும், இப்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அக்கா, நேத்து சாயங்காலம் இவங்கப்பா சிகரெட் குடிச்சுட்டாரு. புள்ள அவர் தோள்ல இருந்துச்சு. நான் மூணு தரம் தலைக்கு ஊத்திக் கொண்டாந்திருக்கேன்."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கோபப்படவில்லை.

"அப்ப இன்னிக்கி வேணாம்மா. இன்னொரு தபா ஊத்தி நாளைக்குக் கொண்டா."

நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா என்று அவரிடம் கேட்டு என்ன பயன்? திரும்பி நடந்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும், அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா நீ என்று கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையை இவர் கையில் கொடுத்து, நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னேன். சத்தம் போட எனக்குத் தெம்பில்லை.

இவர் ஒரு நாளும் தானாக லீவு போடாத ஆள். காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போனவர். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆணியில் மாட்டியிருந்த என் குடையை எடுத்துக் கொடுத்தார்.

"நீ போ. இன்னிக்கு நான் போகல. பண்ணினது நான்தானே."

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரெஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டேன். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் வீடு திரும்பியபோது கூடமெல்லாம் சோற்றுப்பருக்கை. பிள்ளைக்குச் சட்டையைப் பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டுவிட்டிருந்தார். அவள் தலை ஈரமாக இருந்தது. இவருக்கு நாக்கு தள்ளிப்போயிருந்தது. குடித்தீர்களா என்று கேட்டேன். எங்கே குடிக்கிறது, ரெண்டு கையும் இவகிட்டேயே இருந்துச்சு என்றார்.

மறுநாள் மூன்று பேருமாகப் போனோம். இவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். நான் கோட்டருகே நின்று, மோந்து பார்க்கட்டும் என்று மகளின் தலையை முன்னால் சாய்த்தேன். அந்த அம்மாள் மோந்து பார்க்காமல் அப்படியே வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பார்க்கவில்லையா அக்கா என்றேன்.

"எதுக்கு? இருந்தா நீயே சொல்லிடுவ."

என் மகள் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் அவரோடு உள்ளே போனாள். நான் ஆபீஸ் வரைக்கும் நன்றாகத்தான் நடந்து வந்தேன். மெஷினில் தாளைச் செருகி முதல் வரியை ஆரம்பித்த பிறகுதான் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிள்ளையை விட்டு வந்த துக்கமா, அந்த அம்மாள் என்னை நம்பிவிட்ட சந்தோஷமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று நான் அடித்த முதல் கடிதத்தில் ஏழு தப்பு. ஆபீசர் ஏழையும் சிவப்பு மசியில் சுழித்து, மறுபடி அடிக்கச் சொல்லி அனுப்பினார்.