அம்பா பாடி இழுத்த வேப்பமரம்

பாலையூற்று கலீலுர் றஹ்மானைப் பற்றி எங்கே கேட்டாலும் ஒரே கதைதான்: மனிசனுக்கு அவசரப்படத் தெரியாது. காற்றடித்து வீட்டின் மேல் மரம் விழுந்தால் முதலில் கூப்பிடுவதும் அவரைத்தான், வந்து சேர்ந்த பிறகு திட்டுவதும் அவரைத்தான். வந்தவர் உடனே மரம் அறுக்கிற மெசினைத் தூக்கினால்தானே! மரத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். எந்தக் கொப்பு எதைத் தாங்குது, எதை அறுத்தால் எது உருளும் என்று குந்தியிருந்து பார்ப்பார். "பொண்ணு பார்க்க வந்த அண்டைக்கும் இப்பிடித்தான் பார்த்துக்கிட்டே இருந்தவர்," என்பாள் அவருடைய மனைவி றஹ்மா.

அன்றைக்கு உப்புவெளியில் லெஸ்லியின் வீடு. லெஸ்லி கரைவலைச் சம்மாட்டி; வலையும் அவருடையது, இழுக்கிற ஆட்களும் அவருடைய ஆட்கள். மகள் அஞ்சலினாவுக்கு மாதா கோயிலில் காலைப் பூசையோடு கல்யாணம். கோயிலுக்கு வெளிக்கிட முதல் தகப்பன் குளிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து வாடைக்காற்று ஒரு உலுப்பு உலுப்ப, வளவில் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்து குளியலறைக் கூரையில் படுத்துக்கொண்டது. லெஸ்லிக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் கதவுக்குக் குறுக்கே ஒரு பெரிய கொப்பு, தலைக்கு மேலே, கூரையைத் தாங்குகிற வெடித்துப்போன வளையில் முழு மரம். வளை முறிந்தால் ஆள் சம்பல்தான்.

கலீல் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். கரண்ட்டை நிற்பாட்டச் சொன்னார். சுவருக்கு வெளியே, மரத்துக்கு அடியில், தென்னங்குற்றிகளை முட்டுக் கொடுத்தார். பிறகு குந்திவிட்டார்.

"கலீல் நானா, என்னத்தைப் பார்க்கிறீங்கள்? பூசைக்கு நேரமாகுது," லெஸ்லியின் மனைவி றீற்றா அழாக்குறையாகக் கேட்டாள்.

"கொஞ்சம் இரிங்க தங்கச்சி."

மணப்பெண் வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் வந்தாள். "அங்கிள், பூசை பிந்தினாலும் பரவாயில்லை. அப்பா இல்லாமல் நான் கோயிலுக்குள்ள போகமாட்டன்."

கலீல் நிமிர்ந்து பார்த்தார். திட்டுகிறவர்களை ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். இந்தப் பிள்ளையின் முகத்தை என்ன செய்வது?

கொப்பை அறுக்கும்போது அடிமரம் உருளாமல் இருக்கக் கயிறு கட்டிப் பிடிக்க வேண்டும். லெஸ்லியின் வலைக்காரர் அத்தனை பேரும் கல்யாண உடுப்போடு நின்றார்கள். கயிற்றை அவர்களிடம் கொடுத்தார். "சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. இழுக்க வேணாம். இழுத்தா மரம் உருண்டு வளையை முறிச்சிரும்."

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். கயிறு கைக்கு வந்தால் இழுத்தே பழகிய சனத்திடம் சும்மா பிடி என்றால் நடக்கிற காரியமா? ஆனாலும் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கெடுத்தது லெஸ்லிதான். உள்ளே இருந்தவருக்குக் கயிறு விறைக்கிற சத்தம் கேட்டது. கயிறு விறைத்தால் சம்மாட்டி என்ன செய்வார்? வலை இழுக்கிற அம்பாப் பாட்டைக் குளியலறைக்குள் இருந்து முழுத் தொண்டையில் எடுத்துவிட்டார்.

"ஏலேலோ..."

வெளியே பதில் தன்பாட்டில் வந்தது. குதிக்கால்கள் மணலில் புதைந்தன, கயிறு இழுபட்டது. மரம் அசைந்தது, வளை சடக்கென்றது, ஓடுகள் பொலபொலவென்று கொட்டின. தன்னைக் கொல்லப்போகிற பாட்டை அந்த மனிசனே பாடுகிறார், அதுவும் நல்ல ராகத்தோடு.

நிப்பாட்டுங்க என்று கலீல் கத்தினார். றீற்றாவும் கத்தினாள். அம்பா ஓடும்போது யாருக்குக் காது கேட்கும்? வாழ்நாளில் யோசிக்காமல் ஒரு சொல் சொல்லாத கலீல் அப்போதுதான் யோசிக்காமல் ஒன்றைச் சொன்னார்.

"வலை கல்லில மாட்டிட்டு!"

அவ்வளவுதான். வலை கல்லில் மாட்டினால் இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. இழுத்தால் வலை கிழியும், விட்டால் மீன் போகும். அத்தனை பேரும் ஆணி அடித்த மாதிரி நின்றார்கள். உள்ளே பாட்டும் நின்றது.

"எந்தக் கல்லு?" சம்மாட்டி அக்கறையாக விசாரித்தார்.

"உங்கட தலைதான் அண்ணன். வாயை மூடிக்கிட்டு மூலையில குந்துங்க."

கலீல் மெசினை எடுத்தார். நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் கதவை அடைத்த கொப்பை அறுத்தார். துவாயோடும் தலை நிறைய ஓட்டுத் தூளோடும் லெஸ்லி வெளியே வந்தார்.

"முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ அப்பா," என்றாள் அஞ்சலினா.

"நான் இனி அதுக்குள்ள போகமாட்டன் பிள்ளை."

கிணற்றடியில் வைத்து வாளி வாளியாக ஊற்றினார்கள், கோட்டை மாட்டினார்கள், மகளுக்குப் பக்கத்தில் காரில் ஏற்றினார்கள். அஞ்சலினா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வலைக்காரரும் பின்னால் ஓடினார்கள். வளவு வெறிச்சோடிப் போனது.

கலீல் மெசினைக் கீழே வைக்கப் பார்த்தார். விரல் விரியவில்லை. அப்படியே மணலில் குந்தி, ஒருபடியாக றஹ்மாவுக்கு போன் எடுத்தார்.

"என்ன, வேலை முடிஞ்சா?"

"இல்ல. மரம் இன்னும் கூரையிலதான் கிடக்கு."

"அப்ப என்னத்துக்கு எடுத்தீங்க?"

அவர் கார் போன பாதையைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை வாப்பாட கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது, றஹ்மா."