நின்று ஜெயித்தவர்

கடை வாசலில் சைக்கிள் நிற்கிறது. அதன் மேல் அன்செல்ம். இரண்டு பாதங்களும் மிதியில்; தரையில் இல்லை. முன்சக்கரத்தை ஒரு பக்கம் ஒடித்து, உடம்பை இம்மி இம்மியாக அசைத்துச் சமன் செய்தபடி, குதிரைக் கறி வாங்க வந்தவளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். "உள்ள போங்க மாதாம், லியோனி வெட்டித் தருவா. நான் இறங்கினா மறுபடி ஏறணும்ல."

லியோனி அவர் மனைவி. கடையை நடத்துவது அவள்தான். இவர் எலும்பு வெட்டுவார், சைக்கிள் மேல் நிற்பார்.

இவரைக் கிளப்ப இந்தத் தெருவில் ஒரு சொல் போதும்: லண்டன். எதிரே ஒயின் கடை வைத்திருக்கும் கஸ்பார் தினமும் அதைச் சொல்வார்.

"உன் கடையில தொங்குதே, அந்தக் குதிரைய விட்டிருந்தாக்கூட லண்டன்ல நேரத்தோட வந்திருக்கும்ல?"

"அது செத்தப்புறமும் உன்னைவிடச் சுறுசுறுப்பாத்தான்யா இருக்கு."

சில வருடங்களுக்கு முன் லண்டன் பன்னாட்டுப் போட்டியில், சைக்கிள் விரைவுப் பந்தயத்தின் இறுதியில் முதலில் கோட்டைத் தொட்டவர் அன்செல்ம். அந்தப் பந்தயத்தில் முன்னால் போகிறவன் காற்றைத் தனியாகக் கிழிக்க வேண்டும். பின்னால் வருகிறவன் அவன் முதுகில் ஒதுங்கிக்கொண்டு கடைசியில் பாய்ந்துவிடலாம். ஆகவே யாரும் முந்த மாட்டார்கள். ஊர்வார்கள், நிற்பார்கள், கடைக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஒரே பாய்ச்சல். பந்தயத்தை இத்தனை நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று நடுவர்கள் இதற்கும் ஒரு கெடு வைத்திருந்தார்கள். கெடு தாண்டியது என்று சொல்லிப் பந்தயம் செல்லாது என்றார்கள். மறுபடி நடத்தவும் இல்லை.

"கத்திய ஓங்கி எலும்புக்கு மேல நிறுத்துறேனே, அப்ப நான் சும்மாவா இருக்கேன்?" என்பார். "நாற்காலியில உக்காந்து சுருட்டுப் புகைச்சவனுக்கு என் தொடை நடுங்குனது எங்க தெரியும்?" சொல்லிவிட்டு வெட்டும் வெட்டில் மரக்கட்டை அதிரும்.

அவர் சொல்வதில் மிகை உண்டு. விதி முன்பே அறிவிக்கப்பட்டதுதான். அவரும் அதற்குத் தலையாட்டியவர்தான். ஆனாலும் நிற்பதும் ஓட்டத்தில் சேர்த்தி என்று அறியாத விதியை விதி என்பதா? அவர்கள் அளந்தது கடிகாரத்தை. பந்தயத்தை யாருமே பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ச் சைக்கிள் சங்கமும் தன் பந்தயத்தில் அதே கெடுவைக் கொண்டுவந்தது. கடிகாரம் பிடிக்கும் கௌரவத்தை அன்செல்முக்கே கொடுத்தார்கள். லியோனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போகாத. உன் வாயாலயே இன்னொருத்தன செல்லாதுன்னு சொல்ல வைக்கப் பாக்கறானுங்க."

"வேற எவனாவது பிடிச்சா சொல்லிடுவான்ல," என்று கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

இறுதிப் பந்தயத்தில் இரண்டு பேர். பாதையின் சரிவான வளைவில், இருவரும் அசையாமல் நின்றுவிட்டார்கள். கூட்டம் சீழ்க்கை அடித்தது. "பாய் போட்டுக் குடுங்கடா, தூங்கட்டும்," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கஸ்பார் கத்தினார். அன்செல்ம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவனின் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது துடித்தது. அடுத்த கணம் இருவரும் சரிவிலிருந்து கல்லாக விழுந்து பறந்தார்கள். பின்னால் நின்றவன் அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தான்.

சங்கச் செயலாளர் வால்பேர் குனிந்து கேட்டார்: "கெடு தாண்டிடுச்சு போலிருக்கே? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க முசியே, செல்லாதுன்னு அறிவிச்சிடலாம்."

அன்செல்ம் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். நிதானமாகக் கேட்டார்.

"நின்னு போச்சு."

"என்ன சொல்றீங்க? கிளம்பறப்ப ஓடிச்சே?"

"அதுவும் நிக்குது," என்றார். வால்பேர் கையை நீட்டினார். அன்செல்ம், டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின் மேல் தடித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, முஷ்டியைக் கோட்டுப் பையின் அடிவரை இறக்கினார்.