ஒரு நிறம் மட்டும் தெரிந்த புள்ளி

ஜப்பானின் குமாமோட்டோவில் கேமரா சென்சார் தயாரிக்கும் ஆலையில் குரோகி ஒரு பொறியாளர். மகள் ஹினாகோவின் பள்ளி விளையாட்டு விழாவுக்கு விடியுமுன்பே போய் முன்வரிசையில் பாய் விரித்துவிட்டார். அதோடு சும்மா இருந்தாரா? பக்கத்துப் பாய்க்காரர் ஹிராயாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஹிராயாமா சான், சென்சார்ல கோடிக்கணக்கான புள்ளி இருக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் இதுல ஒண்ணுதான் தெரியும். மத்த ரெண்டையும் பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டுத்தான் ஊகிக்கணும். ஆனாலும் படம் எப்படி வருது பாருங்க!"

ஹிராயாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருங்க, இன்னும் முடிக்கல," என்றார் குரோகி.

ஓட்டப்பந்தயம் தொடங்கியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி உடை. தொப்பி மட்டும் அணிக்கேற்பச் சிவப்பு அல்லது வெள்ளை. குரோகி கேமராவில் கண்ணைப் புதைத்து, சிவப்புத் தொப்பி மகளை எல்லைக்கோடு வரை விடாமல் படமெடுத்துத் தள்ளினார்.

மதியம் சோற்றுருண்டை சாப்பிடும்போது மனைவி சனாயேயிடம் கேமராவைப் பெருமையாக நீட்டினார்.

"கண்ணிமை முடியைக்கூட எண்ணலாம், பாரு!"

"எண்ணலாங்க. ஆனா இது ஹிராயாமா வீட்டுப் பொண்ணோட இமை."

"சிவப்புத் தொப்பியாச்சே?"

"அது போன வருஷம்ப்பா," என்றாள் ஹினாகோ. "இப்ப நான் வெள்ளை."

புள்ளிகளோடு புழங்கிப் புழங்கித் தானும் ஒரு புள்ளியாகிவிட்டது குரோகிக்குப் புரிந்தது. அதிலும் மட்டமான புள்ளி. நல்ல புள்ளி பக்கத்தில் கேட்டுவிட்டு ஊகிக்கும். அவர்தான் பக்கத்திலிருந்தவரை வாயே திறக்கவிடவில்லையே.