ஒடிக்காத தகடு

கனடாவுக்கு வருவதற்கு முன் மூன்று வருடம் ஜெர்மனியில் அகதியாக இருந்தேன். அங்கே கற்ற மொழி ரொறன்ரோவில் எதற்கும் உதவவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒஷாவாவில் ஒரு பழம்பொருள் சந்தையில், மேசையில் கிடந்த தகரத் துண்டில் இருந்த ஜெர்மன் எழுத்துகளை என்னால் வாசிக்க முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் முதல் தகட்டை வாங்கினேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் கழுத்தில் கட்டிய அடையாளத் தகடு அது. முட்டை வடிவம். பெயர் இராது. படைப்பிரிவும் ஓர் இலக்கமும் மேலும் கீழுமாக இரண்டு தடவை பொறித்திருக்கும். நடுவில் குறுக்காகத் துளைகள். ஆள் இறந்தால் கீழ்ப்பாதியை ஒடித்து அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். மேல்பாதி உடலோடு போய்விடும்.

இரண்டு வருடத்தில் பன்னிரண்டு சேர்ந்தன. எல்லாம் ஒடிக்காதவை, எல்லாம் ஒரே வியாபாரியிடம் வாங்கியவை. போருக்குப் பிறகு கனடாவில் குடியேறிய ஜெர்மன்காரர்கள் வயதான காலத்தில் விற்கிறார்கள் என்று அவர் சொன்னார். தகடு ஒடியாததால் ஆள் பிழைத்தவர்தான் என்று நானும் நம்பினேன்.

ஒருநாள் பழைய பிரஷ்ஷால் ஒரு தகட்டின் துளைகளைத் தேய்த்தபோது கறுப்பு மண் உதிர்ந்து பேப்பரில் விழுந்தது. மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உது உயிரோட இருக்கிற ஆள் வித்ததெண்டெல்லே சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“அப்ப மண் எப்பிடி வந்தது? அந்தாள் உதை ஐம்பது வருசம் நிலத்துக்குள்ள தாட்டு வைச்சிருந்தவரோ?”

“உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்” என்று சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்த மண்ணைக் குப்பைக்குள் கொட்ட எனக்குக் கை வரவில்லை. அடுத்த நாள், இப்படியான பதிவுகளை வைத்திருக்கும் பெர்லின் அலுவலகத்துக்கு அந்த இலக்கத்தை எழுதி அனுப்பினேன்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனைவி உறையைத் திறக்காமல் வேலைக்கே போன் எடுத்தாள்.

“ஜெர்மன் கவர்மெண்டிலயிருந்து கடிதம் வந்திருக்கு. அங்கை என்ன செய்துபோட்டு வந்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ.”

கடிதத்தில் இரண்டே பந்தி. அந்தச் சிப்பாய் ரஷ்யாவில் காணாமல் போனவர். அவருடைய தங்கை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். தகடு எங்கே, எந்த இடத்தில் எடுக்கப்பட்டது? அது உங்கள் கைக்கு எப்படி வந்தது?

அந்தக் கடைசிக் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிணக்குழியைக் கிண்டியவன் நான்தான் என்று நினைக்கிறார்களோ?

ஞாயிற்றுக்கிழமை வியாபாரியிடம் போனேன். அந்தத் தகட்டை அவருக்கு விற்ற ஜெர்மன் கிழவரின் போன் இலக்கத்தைக் கேட்டேன். வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ பொலிஸா?”

“இல்லை.”

“பிறகு ஏன் கேட்கிறாய்?” என்றபடி தகடுகள் இருந்த தட்டை மேசைக்கடியில் தள்ளினார்.

அடுத்த ஞாயிறு அவருடைய மேசை வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் பழைய பொத்தான்கள் விற்கும் பெண், அவர் இனி வரமாட்டாராம் என்றாள். அவருக்கு ரஷ்யாவிலிருந்து பார்சல்கள் வருவதாகவும், தன்னிடம் ஒரு வெறும் பெட்டியை விட்டுப் போயிருப்பதாகவும் சொன்னாள். அதில் குத்தியிருந்த தபால் முத்திரையில் ஓர் ஊர்ப்பெயர் பாதி அழிந்து தெரிந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

தகட்டைப் பதிவுத் தபாலில் பெர்லினுக்கு அனுப்பினேன். உதிர்ந்த மண்ணைச் சின்னப் பையில் போட்டுக் கூடவே வைத்தேன். ‘இந்த ஊரிலிருந்து வந்திருக்கலாம், எனக்கு நிச்சயமில்லை’ என்று எழுதினேன். கிடைத்ததாக ஒரு வரி பதில் வந்தது. தங்கைக்குச் சொன்னார்களா என்று தெரியாது.

மிச்சப் பதினொரு இலக்கங்களையும் அனுப்பினேன். எட்டுப் பேர் காணாமல் போனவர்கள். இரண்டு இலக்கங்கள் எந்தப் பதிவிலும் இல்லை, போலியாக இருக்கலாம் என்றார்கள். ஒருவர் மட்டும் வீடு திரும்பி, வயதாகி, படுக்கையில் இறந்திருக்கிறார். அதைக் கேட்டதும் மனைவி, “வியாபாரி ஒண்டிலையாவது உண்மை சொல்லியிருக்கிறான்” என்றாள்.

“அதுவும் நிச்சயமில்லை. அந்தாள் தகட்டை ரஷ்யாவில துலைச்சுப்போட்டு வந்திருக்கலாம்” என்றேன்.