மேனேஜர் தட்டுல இருந்த மீன்

உங்கப்பா யாருக்கோ பயந்து சாப்பிட்டத நீங்க பாத்திருக்கீங்களா? இன்னிக்கு அமெரிக்காவுல, ஃப்ரீமான்ட்ல ஒரு சூப்பர் மார்க்கெட்ல நுழைஞ்சதும் வினிகர் கலந்த சுடுசோத்து வாசம் அடிச்சுது, அவ்ளோதான், மண்டை நேரா, சான் ஃப்ரான்சிஸ்கோல ஒரு காலத்துல இருந்த, இப்ப இல்லாமப் போன அந்தப் பழைய ஜப்பான் சுஷி கடைக்குப் போயிடுச்சு. தேஞ்சு வழவழன்னு ஆன மரக் கவுண்டர், உள்ள வந்தாலே எல்லா குக்கும் ஒண்ணாக் கத்துற வரவேற்பு, ஆவி பறக்கிற குட்டி டவல், நாங்க முட்டைகூடத் தொடாத ஈரோட்டு சைவப் பார்ட்டின்னு தெரிஞ்சு, கேக்காமலே கத்தியக் கழுவிட்டு வெள்ளரிக்கா ரோல் போடுற வயசான குக்கு, எல்லாமே எனக்கு செம ஜாலி, 2001 வரைக்கும்.

அந்த வருஷம் அப்பாவ லேஆஃப் பண்ணிட்டாங்க, விசா போறதுக்குள்ள வேல கிடைக்கலன்னா ஊருக்குக் கிளம்பணும், அதனால வேற கம்பெனிக்கு மாறியிருந்த அவரோட பழைய மேனேஜர அங்க டின்னருக்குக் கூப்பிட்டாரு. அந்தாளு தன் தட்டுலேர்ந்து ஒரு பச்ச மீன் துண்ட, "ட்ரை பண்ணு"ன்னு தள்ளினான். அப்பா வெள்ளரிக்கா ரோல எம்பக்கம் நகத்திட்டு அத எடுத்தாரு.

"வேண்டாங்க"ன்னு அம்மா தமிழ்ல முணுமுணுத்தாங்க.

"நீ சிரிச்சிட்டே இரு"ன்னாரு அப்பா, பல்லு தெரிய சிரிச்சிட்டே.

மென்னாரு, மென்னுட்டே இருந்தாரு, முழுங்க முடியாம கண்ணுல தண்ணி நின்னுச்சு, அந்தாளு முதுகுல தட்டி, "திங்கக்கிழம கூப்பிடறேன்"ன்னான். அப்பல்லாம் நெட் போட்டா போன் லைன் பிஸியாயிடும், அதனால அந்த வாரம் பூரா நாங்க இன்டர்நெட்டே போடல, யாரும் கூப்பிடல.

அப்பா இப்ப ஈரோட்டுல ஸ்கூல் பசங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தராரு.