தங்கச்சி ஒட்டிய பைகள்

அம்மா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே என் தங்கச்சி, மடியில் ஒரு பழைய பேப்பர். எங்கே மடிப்பதென்று தெரியாமல் அவள் விரல் அலையும். வாங்கி மடித்துக் கொடுத்துவிட அம்மாவின் கை துடிக்கும். அதனால்தான் அதைப் பூட்டி வைத்திருந்தாள். திருவிதாங்கூர்-கொச்சி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். பலசரக்குக் கடைகளுக்குப் பேப்பர் பை ஒட்டிக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பெண்களின் வேலை.

தங்கச்சி நடந்ததும் பேசியதும் ரொம்பப் பிந்தித்தான். நான் நாலாங்கிளாஸ் வரை படித்த பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். "எழுத்து வரல்லேன்னா போகட்டும். கைவேலை ஒண்ணு தெரிஞ்சிட்டா அவளும் வீட்டுல ஒரு ஆளாக்கும்" என்பாள் அம்மா. முதல் மடிப்பு வரவே ஒரு மழைக்காலம் போயிற்று. அது வந்த அன்று வீட்டில் பாயசம். அப்புறம் பக்க ஒட்டு. கடைசியில் பையின் அடிப்பக்கம், அதுதான் கஷ்டம். பசை தடவி மடித்து, பிடிக்கும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். தங்கச்சி பாதியிலேயே கையை எடுத்துவிடுவாள்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் நான் அந்தப் பைகளை இழுத்து, அடியைச் சரியாக ஒட்டி, அவள் பக்கமே வைத்துவிடுவேன். அவளை யாரும் ஏதும் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணம்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயப்படும் எனக்கு, அவளுக்காகச் செய்ய முடிந்தது அதுதான்.

ஒருநாள் கடை ஆள் பையைத் திருப்பிப் பார்த்து, "எக்கா, சின்னவ ஒட்டினது எங்க முதலாளி கை மாதிரி இறுக்கமாட்டு இருக்கே!" என்று சிரித்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "படிச்சிட்டா, கேட்டியா! எம்பிள்ள படிச்சிட்டா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றோடு தங்கச்சியின் எதிரே உட்காருவதை விட்டாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானே மெள்ளச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சொல்லிக்கொடுப்பதைவிட ஒட்டிவிடுவது சுலபமாக இருந்தது.

என்னை விதுரா என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். ஆடிக்கு அழைத்து வந்தபோது தங்கச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் போன பிறகு அவள் ஒட்டிய பைகளிலிருந்து கடைவாசலிலேயே கடுகும் மிளகும் கொட்டியிருக்கிறது. கடை ஆள் பைக்கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டு, "சரக்கு ஆளுக்கா விக்கோம், தெருவுக்கா?" என்று ஏசியிருக்கிறான். "தெரிஞ்ச வேலைய வேணும்னே கெடுக்கா. நீ போன வாசியில வீம்பு பிடிக்கா" என்றாள் அம்மா. அவளை ஒருநாளும் தொட்டு அடிக்காத அம்மா, அதற்காக அடித்தும் இருக்கிறாள்.

அப்போதுதான் சொன்னேன். அம்மா, அடித்த தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "வரல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வாற வரைக்கும் கூட இருந்திருப்பேனே மக்களே."

மறுநாள் பேப்பரும் பசையும் வைத்து மறுபடி உட்கார்ந்தாள். தங்கச்சி தாளைத் தொடவில்லை. அதை மெள்ள என் பக்கம் நகர்த்தி, "அக்கா ஒட்டும்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். நான் ஊருக்குத் திரும்பிய பிறகும் தாளை நீட்டினால் வாசலைத்தான் பார்ப்பாளாம்.

அம்மா போன பிறகு அவளை நான் வைத்துக்கொண்டேன். தலை வாரி, சோறு ஊட்டி, அவள் கண்மூடும்வரை எல்லாம் நான்தான். இப்போது எங்கள் தெருவுக்குத் தங்கச்சி மாதிரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போக வேன் வருகிறது. ஒரு சின்னப்பெண் செருப்பு வாரைத் தானே மாட்டி முடிக்கும்வரை ஆயா பக்கத்தில் சும்மா நிற்கிறாள். பின்னால் கார்க்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். ஆயா குனியவே மாட்டாள்.

தங்கச்சியை அறிந்தவர்கள் இன்றும் என்னிடம், "கடைசிவரைக்கும் ஒரு குறையும் வைக்காமப் பாத்துக்கிட்டியளே" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.